கருந்தேளின் கை

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் தெருவில் எதிரெதிர் வீடுகளில் இரண்டு பழைய குஸ்திக்காரர்கள் இருக்கிறார்கள். தங்க நிற ஜட்டியில் மேடையேறிய குப்பன், ‘தங்கச் சிறுத்தை’. கறுப்பு முகமூடி ஆல்வின், ‘கருந்தேள்’. நாற்பது வருடப் பகை.

அவர்களுடைய ரசிகர் மன்றத் தலைவர் ஹாஜா மைதீன் இந்த ஞாயிறும் கூட்டத்தோடு சமாதானம் பேச வந்தார். துணி காயப்போடும் சாக்கில் நான் மொட்டைமாடியில் நின்றேன்.

“சிறுத்தை அண்ணா, ஒரே ஒரு தபா அவருக்குக் கை குடுங்கண்ணா!”

“இன்னா பாய் பேசுற? என் கழுத்த நெரிச்சவன் அவன். கைய ஒடிச்சுடுவேன்!”

“வாடா, வந்து ஒடி!” என்று எதிர்வாசலில் ஆல்வின் பாய்ந்தார். எழுபத்தெட்டு வயதுக்காரரை நான்கு பேர் இடுப்பைப் பிடித்து நிறுத்தினார்கள்.

ஹாஜா மைதீன் அழுதேவிட்டார். “அடுத்த வாரம் இன்னும் பெரிய கூட்டத்தோட வர்றோம். உங்களைச் சேத்து வைக்காம விடமாட்டேன்!”

பைக்குகள் தெருமுனை திரும்பியதும் ஆல்வின் விறுவிறுவென்று குப்பன் வீட்டுக்குள் நுழைந்தார். ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு நான் கீழே இறங்கி அந்த வீட்டு ஜன்னலோரம் ஓடினேன்.

ஆல்வினின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி குப்பன் கேட்டார். “பாவம் மச்சான் அந்த பாய். கை குடுத்துத் தொலைச்சா இன்னா?”

ஆல்வின் காலை இன்னும் வசதியாக நீட்டிக்கொண்டார்.

“குடுத்துட்டா, அப்புறம் நம்மள எவன்டா தேடிக்கினு வருவான்?”