லீவு நாளில் ஏரிக்கரை

நேரில் வர முடியாதவர்களுக்காக ஏரிப் பூங்காவில் நடப்பதுதான் சகாயராணியின் வேலை. அவள் கண்ணில் மாட்டிய லென்ஸ் வழியே, எங்கோ படுக்கையில் கிடப்பவர்கள் பார்ப்பார்கள். "இடது பக்கம் போம்மா", "அந்த மரத்தை அண்ணாந்து பாரு" என்று அவள் காதுக்குள் சொல்வார்கள். அவள் தன் கால்களை மட்டும் பார்க்கக்கூடாது. பார்த்தால், தாங்களே நடப்பதாக அவர்களுக்குத் தோன்றாது.

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, லீவு நாளில், கணவன் இருதயராஜுடன் டிக்கெட் எடுத்து உள்ளே வந்தாள். லென்ஸ் வீட்டில் இருந்தது.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றுவிட்டாள்.

"கால் வலிக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப உனக்குப் பிடிச்ச பக்கம் போ."

அவள் நகரவில்லை. காதைச் சற்றே சாய்த்துக் காத்திருந்தாள். இருதயராஜுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் காதருகே குனிந்தான்.

"வலது பக்கம் போம்மா."

உடனே நடந்தாள். கரையில் அவன் சொன்னபடியே செருப்பைக் கழற்றித் தண்ணீரில் இறங்கினாள். சின்ன மீன்கள் அவள் விரல்களை மொய்த்தன.

"ராணி, கீழ பாரேன். உன் காலை மீன் கடிக்குது!"

"காலைப் பாக்கக்கூடாதுங்க" என்றாள், ஏரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.