கையில் விழாத பனி

அந்தப் பெண் கையை நீட்டுகிறாள். அண்ணாந்து பார்க்கிறாள். சிரிக்கிறாள்.

கையில் ஒன்றும் விழவில்லை.

மேலாளர் தயாபரன் மறுபடியும் ஓடவிட்டார். திரையின் இடது பாதியில் பழைய ஃபிலிமிலிருந்து எடுத்த படம். வலது பாதியில் இங்கே துடைத்துக் கொடுத்தது. இடது பக்கத்துப் பெண்ணின் உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து உட்காருகிறது. வலது பக்கத்துப் பெண் வெறுங்கையைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

பதினாறு பேர் நின்றுகொண்டு பார்த்தார்கள். அவன் கடைசியில் நின்றான்.

அது முதல் பனி.

கோவையில் உட்கார்ந்துகொண்டு அது யாருக்குத் தெரியும்? இங்கே குளிர் என்றால் ஊட்டி. அங்கேயும் வானத்திலிருந்து இப்படி ஒற்றையாக எதுவும் இறங்கி வராது.

வேலையும் அப்படித்தான். முப்பத்தைந்து வருடப் பழைய ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர், புளூ-ரே வட்டில் பளபளவென்று வர வேண்டும். ஃபிலிமில் ஒட்டிய தூசி, முடி, கீறல் எல்லாவற்றையும் ஃபிரேம் ஃபிரேமாகத் துடைக்க வேண்டும். படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒலி கிடையாது. முன்னால் என்ன, பின்னால் என்ன என்று எவருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு இத்தனை ஃபிரேம் முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரிபார்த்தவன் பொள்ளாச்சிக்காரன். சுத்தமாக இருக்கிறது என்று டிக் அடித்து அனுப்பிவிட்டான்.

வட்டுகள் கடைக்குப் போய்விட்டன. வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். டோக்கியோவிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துத்தான் இவர்களுக்குக் கதையே தெரிந்தது. முதல் பனி விழும் நாளில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போன அண்ணனுக்காக, அவள் பதினேழு பாகம் காத்திருக்கிறாள்.

"இது யாரு பண்ணுனது?"



தயாபரன் கணினியில் பதிவைத் திறந்தார். அது எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும்.

மார்ச் பதினொன்று. செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று இருபது. லாகின், பூங்கொடி.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பூங்கொடி தன் நாற்காலியில் இருந்ததே இல்லை. அவளுடைய அப்பாவுக்கு அன்றைக்கு டயாலிசிஸ். பர்மிஷன் கேட்டு, கிடைக்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவளிடம், இப்போது கடைசியில் நிற்கும் அவனேதான் சொன்னான், நீ போம்மா, மிச்சத்தை நான் முடித்து வைக்கிறேன் என்று. வாராவாரம் இரண்டரைக்கு, தயாபரன் கண்ணில் படாமல் அவள் கிளம்புவாள். அவன் அவள் இடத்தில் உட்காருவான். நல்லவனாக இருப்பது அவனுக்குப் பிடித்திருந்தது.

துடைத்தது அவன்தான்.

அந்தப் புள்ளி நன்றாக ஞாபகம் இருந்தது. தூசி ஒரு ஃபிரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. இது இருபத்தொரு ஃபிரேமிலும் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்தது. அவன் அதைக் கவனித்தான். நேரமாகிறது என்று துடைத்தான்.

அடுத்தவர் லாகினில் உட்கார்ந்தால் வேலை போய்விடும். உட்கார்ந்தவருக்கும் போகும், உட்கார வைத்தவருக்கும் போகும். வாயைத் திறந்தால் இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். திறக்காவிட்டால் ஒருத்தியோடு முடிந்துவிடும். நாற்பத்தாறு வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான் என்பதையும் சேர்த்துக்கொண்டான். இந்த மாதிரி நேரத்தில் மனுஷனுக்குக் கணக்கு பிசகுவதே இல்லை.

பூங்கொடி திரும்பி அவனைப் பார்த்தாள்.

ஒரு தடவைதான்.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாந்தானுங்க சார்" என்றாள் அவள்.

அரை மணி நேரத்தில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். தயாபரன் அவனுடைய தோளில் கை வைத்தார். திருத்தத்தை இன்றைக்கே அனுப்ப வேண்டும், உன் கைவேலைதான் பிசிறில்லாமல் இருக்கும் என்றார். ஃபைல் அவள் கணினியில்தான் இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்து செய் என்றார்.

உட்கார்ந்தான்.

அவள் டிபன் பாக்ஸை எடுக்க வந்தாள். அது மேஜைக்கு அடியில், அவன் காலடியில் இருந்தது. அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளி வழி விட்டான். அவள் குனிந்து எடுத்தாள். பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இனி செவ்வாக்கெழமைக்கு உங்களத் தொந்தரவு பண்ண மாட்டனுங்ணா" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஏதாவது சொல்லியாக வேண்டும். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். தயாபரன் இன்னும் போகவில்லை.

"அப்பாவ ஒடம்பப் பாத்துக்கச் சொல்லும்மா" என்றான்.