பேரத்துக்கு ஒரு கோபம்

டணார்!

மேஜை மேலிருந்த பித்தளைத் தட்டு தரையில் விழுந்து, உருண்டு, கடை வாசலில் போய்ப் படுத்தது. எதிர்க் கடையில் பெல்ட் பார்த்துக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“போதும்டி! ஒரு பைக்கு அரை மணி நேரமா?” தட்டைத் தட்டிவிட்ட கணவர் கத்தினார். “பன்னெண்டு வருஷம்! ஒரு சோப்பு வாங்கப் போனாக்கூட ஊரைக் கூட்டுவே. உன்கூட நடக்கவே கூசுது எனக்கு!”

“மெதுவாங்க… எல்லாரும் பாக்கறாங்க.” அவள் குரல் நடுங்கியது.

“பாக்கட்டும்! நீயாச்சு, உன் பையாச்சு. நான் போறேன்!”

விறுவிறுவென்று நடந்து கூட்டத்தில் மறைந்தார். அவளுடைய பழைய கைப்பையும் அவர் தோளிலேயே போயிற்று. புதுப் பையை மாட்டிப் பார்க்க வசதியாக அவள்தான் கழற்றிக் கொடுத்திருந்தாள்.

அவள் துப்பட்டாவை எடுத்து, கண்ணில் இல்லாத கண்ணீரை ஒற்றிக்கொண்டாள்.

எல்லாம் நாடகம். கல்யாணமான புதிதில் அவளே எழுதி இயக்கியது. அவள் காதுக் கம்மலைத் திருகினால் அவர் சண்டை போட்டுவிட்டுப் போக வேண்டும். கடைக்காரர் இரக்கப்படுவார், விலை இறங்கும். அவள் வந்து கூப்பிடும்வரை அவர் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. வீட்டிலிருக்கும் ஃப்ரிட்ஜ், சோஃபா, பழைய கார் எல்லாம் இப்படி வந்தவைதான்.

ஒரே குறை, அவருக்கு நடிப்பு வராது. பாதியில் சிரித்துத் தொலைப்பார். இல்லாவிட்டால் பத்தடி போய்த் திரும்பிப் பார்ப்பார். இன்றைக்கு என்னவோ பிய்த்து உதறிவிட்டார். அவள் கம்மலைத் தொடுவதற்கு முன்பே ஆரம்பித்ததுதான் கொஞ்சம் அவசரம்.

‘பரவாயில்லை, மனுஷன் தேறிட்டார்’ என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

கடைக்கார அம்மாள் தட்டைப் பொறுக்கி வந்து வைத்தாள். வெளிநாட்டுக்காரிதான் என்றாலும், இருபது வருஷமாக அங்கே சுற்றுலா வரும் நம்மவர்களுக்கே பை விற்றதில் அவளுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது.

“உக்காருங்கம்மா. ரொம்பக் கோவக்காரரோ?”

“என் தலையெழுத்து. வாங்கலேன்னாலும் திட்டுவார், வாங்கினாலும் திட்டுவார். நீங்கதான் பாத்துப் போட்டுத் தரணும். அறுபது.”

“நூத்தம்பது சொன்ன பையை அறுபதுக்கா? தோலைத் தொட்டுப் பாருங்கம்மா.”

“தொட்டாச்சு. மாடு முழுசா வாங்கினாக்கூட இவ்வளவு ஆகாதே!”

கடைக்கார அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். டீ வரவழைத்தாள். லைட்டரைப் பற்றவைத்து, நெருப்பைத் தோலின் மேல் காட்டி, கருகவில்லை பாருங்கள் என்றாள். அதே பையைப் பழுப்பில் காட்டினாள், கறுப்பில் காட்டினாள், ஜிப்பை முப்பது தடவை இழுத்துக் காட்டினாள். விலையில் இறங்கவும் மாட்டேனென்றாள், ஆளை விடவும் மாட்டேனென்றாள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. போன வருஷம் நாத்தனார் இதே தெருவில் இதே பையை நூற்றிருபதுக்கு வாங்கி வந்து அடித்த பீற்றல் கொஞ்சநஞ்சமா? அறுபதுக்கு வாங்கினேன் என்று நாளைக்கு ஊரில் இறங்கியதும் அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். இன்றே கடைசி நாள். எட்டு மணிக்கு விமானம், ஐந்தரைக்கு ஹோட்டல் வாசலுக்கு டாக்ஸி. அதற்குள் முடித்தாக வேண்டும்.

“சரி, நூறு. கடைசி.”

“அறுபது.”

“எண்பது. எம் புள்ளைங்க மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் நிக்காதும்மா.”

“அறுபது. அந்த மனுஷன் காபிக் கடையில உக்காந்து கொதிச்சிட்டிருப்பார். அவர் வாயில விழுந்து எந்திரிக்கப் போறது நான்தானே? அதுக்காவது குறைக்கக் கூடாதா?”

கடைக்கார அம்மாள் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஐந்தேகால்.

“சரிம்மா. அறுபதே இருக்கட்டும்.”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாடகம் ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒரு விலையை அவள் அடித்ததே கிடையாது.

“ஒரு நிமிஷம், பணம் அவர்கிட்ட இருக்கு. கூட்டிட்டு வந்துடறேன்.”

காபிக் கடையில் அவர் இல்லை. அதற்கடுத்த கடையிலும் இல்லை. தெரு முனைவரை போய்ப் பார்த்தாள். ஃபோன் பண்ணலாமென்றால் ஃபோன், பாஸ்போர்ட் எல்லாமே பழைய கைப்பையில்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். “உங்க ஃபோனைக் கொஞ்சம் குடுங்க. எங்கேயோ போய்த் தொலைஞ்சிருக்கார். பணத்தோட சீக்கிரம் வரச் சொல்றேன்.”

கடைக்கார அம்மாள் பையைத் தாளில் சுற்றி அவள் கையில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“பணம் வேண்டாம்மா. அவர் காலையிலயே தனியா வந்து நூத்தம்பதையும் முழுசாக் குடுத்துட்டார்… ‘நான் ஏர்போர்ட் போய்ச் சேர்ற வரைக்கும் அவளைப் பேரத்துலயே உக்கார வெச்சிருங்க’ன்னு.”