ஆர்டிஸ் அறுத்த கட்டை

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும்.

மினசோட்டாவில், செத்துப்போன வெர்ஜிலின் தானியங்கித் துப்பாக்கியை அவன் மனைவியிடம் விலைக்கு வாங்கிய ஆர்டிஸ், தன் தோளுக்குப் பொருந்தட்டும் என்று அதன் பின்புற மரக்கட்டையில் இரண்டு அங்குலம் அறுத்தெறிந்தாள். சனிக்கிழமை காலை அதைப் பிரித்துத் துடைத்து, மறுபடி மாட்டி, பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் திடலுக்கு எடுத்துப் போனாள்.

"அது எங்கண்ணன் துப்பாக்கிம்மா. வேற யார் கைக்கும் அடங்காது," என்றான் மெர்ல். "ஒரு தட்டு தப்பினாலும் எங்கிட்ட குடுத்துடணும்."

"தப்பினா பாப்போம். நீ தள்ளி நில்லுய்யா."

களிமண் தட்டுகள் இருபத்தைந்து பறந்தன. இருபத்தைந்தும் தூளாயின.

"உங்கண்ணனுக்குக் கை குட்டையாயிடுச்சுபோல, மெர்ல்," என்றாள்.

வீடு திரும்பினாள். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி, காலையில் அவள் துடைத்துவைத்தபடியே காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது.