திறந்து கிடக்கும் பெட்டி

கட்டிலில் பெட்டி திறந்து கிடக்கிறது. வெளிநாடு போய்ப் படிக்கப்போகும் மகனோடு அவன் மனைவியும் போகலாம் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பித்தான் அவசர அவசரமாகக் கல்யாணத்தை முடித்தோம். இப்போது அதே ஆள் போன் ஸ்பீக்கரில், "மாணவர் விசாவுல மனைவியக் கூட்டிட்டுப் போக முடியாதுங்க, ரூல மாத்திட்டாங்க" என்கிறான். "போன மாசம் அடிச்சுச் சொன்னியேய்யா?" என்கிறேன். "அது போன மாச ரூல், ஐயா." எவன் மாற்றினான், எதற்கு மாற்றினான், ஒரு மண்ணும் புரியவில்லை. மருமகள் தன் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறாள். மகன் அவற்றை மறுபடி உள்ளே வைக்கிறான். ஜன்னல் வெயிலில் பெட்டியின் ஜிப் பளபளக்கிறது. கடைசியில் அவள் துணிகளை அள்ளி அணைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறாள்: "மாமா, இத இங்க அலமாரியில வைக்கவா, எங்கம்மா வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவா?" அலமாரியைப் பார்க்கிறேன். அவளுக்கென்று அதில் ஒரு தட்டுகூட நாங்கள் ஒழித்து வைக்கவில்லை.