பூ மிதந்த பக்கெட்

கண்ணகி பக்கெட் தண்ணீரில் மல்லிகையை உதிர்த்து உதிர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மேலே அரை பாட்டில் பன்னீர் வேறு. யாராவது பார்த்தால் அம்மன் அபிஷேகத்துக்கு என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

பூவுக்குக் கீழே இருந்ததோ, அவள் புருஷன் வெங்கடேசனின் லோடு ஆட்டோவில் மாமல்லபுரத்திலிருந்து வந்த மீன் பெட்டியின் ஐஸ் தண்ணீர். மத்தியும் நெத்திலியும் விடிகாலையிலிருந்து ஊறிய சாறு.

"வேணாம்டி. பதினோரு வருசம் ஆச்சு, வுட்டுத் தொலையேன்," என்றார் வெங்கடேசன்.

"அவ என் தலையில ஊத்துனப்போ நீ இன்னா பண்ண? வேடிக்க பாத்துகினு இருந்தே. இன்னிக்கும் வந்து பாரு."

அந்தக் கதை மறைமலைநகரில் அந்தத் தெருவுக்கே மனப்பாடம். தண்ணீர் லாரி வந்த ஒரு மத்தியானம், எதிர் வீட்டு ரேணுகாவின் குடத்தை வரிசையிலிருந்து நகர்த்திவிட்டுத் தன் குடத்தை நுழைத்தாள் கண்ணகி. ரேணுகா, கண்ணகியின் குடம் தளும்ப நிரம்பும்வரை காத்திருந்து, அதைத் தூக்கி அவள் தலையிலேயே கவிழ்த்தாள்.

"உன்ன நடுத்தெருவுல நனைக்காம வுட மாட்டேன்!" இது கண்ணகி போட்ட சபதம்.

"நீ நடுத்தெருவுல மன்னிப்பு கேக்காம நான் உன்னோட பேச மாட்டேன்!" இது ரேணுகா போட்டது. அதற்கப்புறம் சமாதானம் பேசப் போனவர்களெல்லாம் இரண்டு வீட்டிலும் காபி குடித்துவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம்.

போன வருடம் ரேணுகாவின் மகன் ரமேஷை, அவன் வேலை செய்த கார் பார்ட்ஸ் கம்பெனி பயிற்சிக்காகத் தாய்லாந்துக்கு அனுப்பியது. பையன் நன்றாகவே பயின்றிருக்கிறான். திரும்பும்போது மாலி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு வந்தான்.

சித்திரை பிறக்கிற சமயத்தில்தான் மாலியின் ஊரில் தண்ணீர்த் திருவிழாவாம். சோங்க்ரான் என்று பெயர். இந்த வருடம் அவளுடைய அப்பா அம்மாவும் வந்திருந்ததால் திருவிழாவைத் தெருவிலேயே வைத்துவிட்டார்கள். எல்லா வீட்டுக்கும் அழைப்பு போனது. கண்ணகி வீட்டுக்கும்தான்.

அழைக்க வந்த ரமேஷ் என்னென்னவோ விளக்கினான். கண்ணகியின் காதில் நின்றது ஒன்றே ஒன்று: அன்றைக்கு யார் மேல் யார் தண்ணீர் ஊற்றினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பக்கெட்டோடு அவள் தெருவில் இறங்கியபோது கூத்து களைகட்டியிருந்தது. பூப்போட்ட சட்டையில் மாலியின் அப்பா, தெருப் பிள்ளைகளின் தண்ணீர்த் துப்பாக்கிக்கு முதுகைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோர் கன்னத்திலும், மாலியின் ஊர் வழக்கப்படி, வெள்ளைச் சாந்து.

வாசலில் நாற்காலி போட்டு ரேணுகா உட்கார்ந்திருந்தாள். மாலி அவள் முன்னால் மண்டியிட்டு, ஒரு சின்னக் கிண்ணத்திலிருந்து அவள் கைகளில் தண்ணீர் வார்த்து, தலை குனிந்து ஏதோ சொன்னாள். ரேணுகா மருமகளின் தலையில் ஈரக் கையை வைத்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

கண்ணகியைப் பார்த்ததும் தெருவே ஒதுங்கி வழிவிட்டது.

"வாங்க அத்த! இன்னா இம்மாம் பெரிய பக்கெட்டு?" என்றான் ரமேஷ்.

"உங்கம்மாவுக்குத்தான் நைனா. ஆசையா எடுத்தாந்தேன்."

"ஒரு ரூல்சு கீது அத்த. சின்னவங்கதான் பெரியவங்களுக்கு ஊத்தணும்."

"அதுல இன்னா சந்தேகம்? உங்கம்மாதான் பெரியவ. என்னவிட முழுசா ரெண்டு வயசு."

எல்லோரும் ரேணுகாவைப் பார்த்தார்கள். நேரில் பேசாவிட்டாலும், இருவரும் மற்றவள்தான் கிழவி என்று காய்கறிக்காரனிடம்கூடச் சொல்லாமல் விட்டதில்லை. வேறு நாளாக இருந்தால் வீட்டுக்குள்ளிருந்து ஆதார் கார்டு பறந்து வந்திருக்கும்.

"ஆமா, நான்தான் பெரியவ," என்றாள் ரேணுகா. கண்ணகியைப் பார்த்தல்ல, மகனைப் பார்த்து. நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினாள். "ஊத்தச் சொல்லு."

மாலி ஓடி வந்து கண்ணகியின் தோளைத் தொட்டு மண்டியிட வைத்தாள். கையில் கிண்ணத்தைக் கொடுத்தாள். அவள் சொல்லச் சொல்லக் கண்ணகியும் இரண்டு தாய்லாந்து வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லிக் கொஞ்சம் வார்த்தாள். சொன்னால் என்ன, மண்டியிட்டால்தான் என்ன, பக்கெட் பக்கத்தில்தானே இருக்கிறது!

பிறகு எழுந்தாள். பக்கெட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ரேணுகாவின் தலையில் கவிழ்த்தாள்.

ரேணுகாவின் கொண்டையில் மல்லிகை, காதோரம் ஒரு நெத்திலி. குப்பென்று மீன் நாற்றம். கண்ணகிக்கு அது பன்னீரைவிட மணத்தது. மொட்டை மாடிகளில் நாலைந்து செல்போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. பிடிக்கட்டும் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

மாலி கண் கலங்கிக் கண்ணகியைக் கும்பிட்டு, தன் பாஷையில் படபடவென்று என்னவோ சொன்னாள்.

"இன்னாவாம்?" என்றாள் கண்ணகி, பெருமை தாங்காமல்.

ரமேஷ் தெருமுனைவரை கேட்கிற மாதிரி சொன்னான்: "நீங்க சொன்ன அந்த ரெண்டு வார்த்தைக்கு மன்னிச்சிடுங்கன்னு அர்த்தம். செஞ்ச தப்புக்கு மன்னிப்பு கேட்டுத்தான் பெரியவங்களுக்குத் தண்ணி ஊத்துவாங்களாம் அத்த. அவங்க ஊருல எல்லாரும் ஒரு கிண்ணம்தான் ஊத்துவாங்களாம். முழு பக்கெட்டு ஊத்தி மன்னிப்பு கேட்டவங்கள இவ இப்பத்தான் பாக்குறாளாம்."

ரேணுகா மெதுவாக எழுந்தாள். காதோர நெத்திலியை எடுத்துப் போட்டுவிட்டு, அதே ஈரக் கையைக் கண்ணகியின் தலையில் அழுத்தி வைத்தாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவளைப் பார்த்துப் பேசினாள்.

"போனாப் போவுது, மன்னிச்சிட்டேன்."