யூபோனியத்துக்கு எட்டாத சுரம்

"இன்னிக்கு அவனை ஒரு கை பாக்காம விடமாட்டேன்!"

ராஜமணி செருப்பைக்கூட மாட்டாமல் முற்றத்தில் இறங்கினார். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. குளத்துக்கரைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது.

ராஜமணி சபை பேண்டுக்குத் தலைவர். கார்னெட் என்ற சின்ன ஊதுகுழல் அவருடையது. பாட்டின் மெட்டு அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஏசுஅடிமைக்கு யூபோனியம். நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, கீழ்ச் சுரத்தில் பாட்டுக்குத் தாங்கல் கொடுக்கிற பெரிய குழல். அடியில் கிடக்க வேண்டியது அடியிலேயே கிடக்க வேண்டும் என்பது ராஜமணியின் சட்டம்.

அந்த ஏசுஅடிமைதான் ஒரு மாசமாக, விடியுமுன்னே கரையில் போய் நின்று, யூபோனியத்தில் கார்னெட்டின் உயரத்தைப் பிடிக்கப் பார்க்கிறான். கிணற்றடியில் பெண்கள் சிரிக்கிறார்கள், எருமைக்கடா கத்துகிறது என்று.

"இந்த முப்பத்தொண்ணாம் வருசக் கிறிஸ்மஸுக்கு மிஷன் துரை வாறாருல்லா? அவரு முன்னால வித்தை காட்டி எனக்க எடத்தைப் பிடிக்கப் பாக்கான்!"

"அவன் அப்பிடிப்பட்ட ஆளில்ல," என்றாள் மனைவி ராகேல், பின்னாலேயே வந்து. "அண்ணைக்கு செல்லபாய்க்கு ஒடம்புக்கு முடியல்லன்னு ஒம்மகிட்ட சொல்ல வந்தவன்தானே…"

"அந்தப் பேரை இந்த வீட்டுல எடுக்காதே!"

செல்லபாய் அவருடைய ஒரே தங்கை. இந்துவான கோலப்பனைக் கல்யாணம் செய்துகொண்டு, குளத்துக்கு அக்கரையில் கோலப்பன் வீட்டில் விளக்கேற்றப் போனவள். சபை அவளை நீக்கியபோது, நீக்கத்தான் வேண்டும் என்று முதலில் கையைத் தூக்கியவர் அண்ணன். அதை விசுவாசம் என்று சொல்லிக்கொள்வார். ஊரில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. பேசினால் அவர் போடும் கூச்சலை யார் தாங்குவது?

கரையில் ஏசுஅடிமை ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊதினான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

ராஜமணி ஒரு நிமிஷம் நின்றுவிட்டார்.

அது அவருடைய அம்மா சாயங்கால ஜெபத்தில் பாடுகிற கீர்த்தனை. மேலே ஏறுகிற இடத்தில் ஒரு சின்னக் குழைவு கொடுப்பது ராஜமணியின் சின்ன வயசுப் பழக்கம். வேறு யாருக்கும் அது வராது. இப்போது அதே உயரத்தில், அதே குழைவு, இந்தத் தடிக்குழலிலிருந்து வந்தது.

"எனக்க குழைவையும் களவாண்டுட்டியே, லே!"

பாய்ந்து போய்க் குழலைப் பறித்தார். பாட்டு பாதியில் அறுந்தது. ஊதுவாயில் ரத்தம் ஒட்டியிருந்தது.

"ரத்தம் வர ஊதி என்ன சம்பாதிக்கப் போற? ம்?"

"அண்ணாச்சி, இன்னும் ஒரே ஒரு வரிதான். அதை முடிச்சுக்கிடுகேன். பொறவு என்னை அடியுங்க."

"ஒரு சுரம் கெடையாது! இது சபைக்க சாமானம். இண்ணையோட நீ பேண்டுல இல்ல. கார்னெட் வாசிக்க ஆசைப்பட்ட மூஞ்சியைப் பாரு!"

"கார்னெட்டை நீங்க பூட்டி வச்சிருக்கீங்க. எனக்கிட்ட இதுதானே இருக்கு."

"அப்பம் ஆசை உண்டு! வெக்கமில்லாம ஒத்துக்கிடுதான் பாரு!"

ஏசுஅடிமையின் கண் அக்கரையிலேயே இருந்தது. ராஜமணி அவனை விட்டுவிட்டு அவன் அப்பனைத் திட்டத் தொடங்கினார். அப்பனை முடித்துத் தாத்தாவுக்குப் போகும்போது, கரை மேல் ஒருவர் ஓடிவருவது தெரிந்தது.

கோலப்பன்.

ராஜமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழல் மட்டும் அவர் கையிலேயே இருந்தது. கோலப்பன் அதைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"மச்சான், ஒங்களுக்கு ஒண்ணும் இல்லல்லா? பாட்டு பாதியில நிண்ணதும் அவ பதறிட்டா. 'எங்க அண்ணனுக்கு என்னமோ ஆச்சு, ஓடிப் போயி பாரும்'னு என்னைத் தள்ளி விட்டா."

ராஜமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஒரு மாசமா அவ உசுரைப் பிடிச்சு வச்சிருக்கது ஒங்க பாட்டுதான். கஞ்சி எறங்கல்ல, கண்ணும் மங்கிட்டு. ஆனா காலம்பற இது கேட்டா முகம் தெளியும். தொடக்கத்துல பிசிறினப்பம்கூட, 'அண்ணன் அழுதோண்டு வாசிக்கான், அதான்'னு சொன்னா." கோலப்பன் துண்டால் கண்ணைத் துடைத்தார். "'சபைக்குப் பயந்து வீட்டுக்கு வரல்ல, ஆனாலும் எனக்காகக் கரையில வந்து நிக்கான் பாத்தீரா'ன்னு ஒரே பெருமை. வைத்தியரு இன்னிக்குத் தாண்டாதுன்னுட்டாரு, மச்சான். அந்தக் கடைசி வரிக்காகக் காத்துக் கெடக்கா."

ராஜமணி கையிலிருந்த குழலைக் குனிந்து பார்த்தார். ஊதுவாயில் ரத்தம் இன்னும் காயவில்லை.

ஏசுஅடிமை வீங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"அண்ணாச்சி கொஞ்சம் மூச்சு வாங்க நிண்ணாரு. நீங்க போயி அக்காகிட்ட சொல்லுங்க, இப்பம் வாசிப்பாரு."